மோட்டார் வண்டியின் காவற்கருவியும் அதன் பிணி தீர்க்கும் முறையும்

திண்டுக்கல் என்ற அளவில் பூட்டு நினைவிற்கு வருதல் தமிழ்நாட்டார் யாவர்க்கும் இயல்பு. மாங்காய் வடிவினதாய்க் கையால் அராவி இழைக்கப்பெறும் அவ்வூர்ப் பூட்டு 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றமையை நேயர்கள் அறிந்திருப்பர். அப்பூட்டு வகைகளுள் மணிப்பூட்டு என்பதொன்று உண்டு. திறவுகோலைச் சுழற்றுந்தோறும் உள்ளிருக்கும் மணி ஒலிக்கும். திறப்பவன் வீட்டுத் தலைவனாயினும் திருடனாயினும் அப்பூட்டு வாளா இராது; உள்ளே உறங்குவார்க்குத் தன் குரலால் அறிவிக்கும். தடுத்தல் ஒரு தொழில், அறிவித்தல் மற்றொரு தொழில் என்பதையும், இரண்டனையும் ஒரே பெட்டியில் அடைக்கலாம் என்பதையும் அவ்வூர்க் கொல்லர் மின்சாரத்தின் உதவியின்றியே கண்டிருந்தனர்.

இக்காலத்து மோட்டார் வண்டிகளில் அமைந்துள்ள காவற்கருவியும் இவ்வகையினதே. கதவைப் பூட்டுவது ஒரு பொறி. பூட்டியபின் எவரேனும் தீண்டின் ஊரைக் கூட்டுவது மற்றொரு பொறி. முன்னதைப் பணிமனையார் ‘சென்டர் லாக்’ என்பர். பின்னதன் குரலைச் ‘சைரன்’ என்பர். எம் வேடசந்தூர்ப் பக்கத்தில் நூற்பாலைகள் மலிந்திருத்தலின் ஆலைச்சங்கு என்னும் சொல் சிறுவர்க்கும் பழகியது. ஆதலின் வண்டியின் சைரனையும் இக்கட்டுரையில் சங்கு என்றே வழங்குவோம்.

இக்கருவி பழுதுற்றபோது நேர்வன இரண்டு. திருடன் இன்றியே அலறும். அன்றித் திருடன் வந்த காலத்தும் வாய் திறவாது. இவற்றுள் முன்னதே பெரும்பான்மை. தீமையும் முன்னதிலேயே மிகுதி என்பது எம் கருத்து. புலி வருகிறது, புலி வருகிறது என்று பலகாற் பொய் கூவிய சிறுவன் கதையை இளமையிற் கேளாதார் யார்? உண்மைப் புலி வந்த நாளில் அவன் குரலுக்கு ஒருவரும் எழுந்து வந்திலர். நியூயார்க்கு மாநகரிற் போக்குவரத்துச் சீர்திருத்தம் நாடும் ஓர் அமைப்பு 2003-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்று, வண்டிச் சங்குகளின் பொய்க்குரலுக்குக் காது மரத்துப்போன அந்நகரத்தார் மெய்க்குரலுக்கும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றும், அவற்றால் விளைவது இரைச்சலேயன்றிக் காவலன்று என்றும் வாதிட்டது. கடல் கடந்த பெருநகர்க்கு நேர்ந்தது நம் ஊர்த் தெருக்களுக்கும் நேர்ந்து வருகின்றது.

கருவியின் உறுப்புக்களை ஓர் அரசின் உறுப்புக்களாக வைத்துக் காணின் விளங்குதல் எளிது. வண்டியோட்டியின் இருக்கைக்கு முன்னுள்ள பலகையின் அடியில் ஒளிந்திருக்கும் சிறு பெட்டியே அரசன். கதவுகளிலும், எஞ்சினை மூடும் பானெட்டிலும், பின்புறத்து டிக்கியிலும் உள்ள சுவிட்சுக்கள் ஒற்றர்கள். உடலில் அடி விழுந்தால் உணரும் அதிர்வுணரி மற்றோர் ஒற்றன். சில வண்டிகளில் உள்ளே அசைவு காணும் செவியுணரியும் உண்டு. சங்கும், நான்கு மூலையிலும் இமைக்கும் இண்டிகேட்டர் விளக்குகளும் பறையறைவோர். பாட்டரி கருவூலம். நம் கையிலுள்ள ரிமோட்டு முத்திரை மோதிரம். அரசனுக்குத் தானே காணும் கண் இல்லை. ஒற்றர் கூறுவதை நம்பி ஆணையிடுவதன்றி அவன் வேறொன்றும் அறியான். காரணமின்றி அலறுகின்றது என்று நாம் கூறுகின்றோமே, அது பிழை. ஏதோ ஓர் ஒற்றன் பொய்யுரைத்தான்; அன்றிக் கருவூலம் வறண்டது; இவையன்றி அது அலறுவது அரிது. இலக்கணம் பயில்வார்க்குச் சொல்லின், அவ்வலறல் தோன்றா எழுவாயை உடைய ஒரு வாக்கியம். பயனிலை செவியைப் பிளக்கின்றது. எழுவாயைத் தேடிக் கண்டு நிரப்புதலே பழுது பார்ப்போன் கடமை.

தேடுதற்கும் ஒரு நெறி உண்டு. ஒற்றாடல் என்னும் அதிகாரத்தில் வள்ளுவர், ஓர் ஒற்றன் கொணர்ந்ததைப் பிறிதோர் ஒற்றனைக் கொண்டு சோதித்த பின்னரே ஏற்கவேண்டும் என்னும் கருத்தை அரசனுக்கு உரைக்கின்றார். மோட்டார்ப் பணிமனையில் அப்பிறிதோர் ஒற்றனாவது மீட்டர் என்னும் அளவைக் கருவி. வோல்ட்டு, ஓம், ஆம்பியர் என்னும் மூன்றையும் அளக்கும் சிறு மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றது. அஃதின்றிக் காவற்கருவியைப் பழுது பார்க்கப் புகுவோர், நாடி பாராது மருந்து கொடுக்கும் மருத்துவரை ஒப்பர். அவர் மாற்றும் உறுப்புக்களுள் ஒன்று தற்செயலாகப் பொருந்தியபோது பழுது நீங்கும். அதற்குள் வண்டிக்குரியவன் பை நீங்கிவிடும்.

இதற்கு எம் குடும்பத்தில் நேர்ந்ததொன்றையே சான்றாகக் கூறுவோம். எம் சிற்றப்பா வேடசந்தூரில் ஒரு வாடகைக் கார் வைத்துத் தொழில் செய்பவர். ஏழாண்டு பழகிய வண்டி. காவற்கருவி கம்பெனியாற் பொருத்தப்பெற்றதன்று, பின்னர்க் கடையில் வாங்கிப் பொருத்தியது. கிறிஸ்து பிறப்பு விடுமுறைக்கு யாம் ஊர் சென்றிருந்தபோது அவ்வண்டி பத்து நாளாக வைகறை மூன்று நான்கு மணிக்கெல்லாம் அலறி வருவதாக அறிந்தோம். அத்தெருவில் நூற்பாலையில் இரவு முறை வேலை முடித்து மூன்று மணி உறக்கத்திற்கு ஏங்கி வருவோர் பலர். முதல் இரண்டு நாளும் கைவிளக்குடன் ஓடி வந்தவர்கள், நான்காம் நாளிலிருந்து சன்னலைச் சாத்திக்கொண்டனர். பணிமனையொன்றிற் காட்டியபோது, கருவி முழுவதையும் மாற்றவேண்டும் என்றனராம். அவ்வளவு தொகை கையில் இல்லை. பின்னர் வந்த ஓர் இளைஞர், “அண்ணே, சங்குக்குப் போகும் ஒயரை நறுக்கிவிட்டால் தீர்ந்தது” என்று கூறி நறுக்கியும் விட்டார். தெரு அமைதி பெற்றது. எல்லோரும் மகிழ்ந்தனர்.

சங்கின் வாயைக் கட்டினோமேயன்றி, பொய் கூறிய ஒற்றனை ஒன்றும் செய்திலோம் என்பதை ஒருவரும் எண்ணவில்லை. அரசன் அவன் சொல்லை நம்பி ஒவ்வோர் இரவும் ஆணையிட்டுக்கொண்டே இருந்தான். சங்கு ஊமையானபோதிலும் நான்கு விளக்குகளும் யாரும் காணாத நேரத்தில் இமைத்துக்கொண்டே இருந்தன. இண்டிகேட்டர் விளக்கு ஒன்று 21 வாட்டு. நான்கும் சேர்ந்து எரியும் கணத்தில் ஏழு ஆம்பியர் செல்லும். அணைந்து அணைந்து எரிதலின் பாதியெனக் கொண்டாலும் மணிக்கு மூன்றரை ஆம்பியர். 35 ஆம்பியர்-மணி கொள்ளும் பாட்டரியின் பத்தில் ஒரு பங்கு ஒரு மணி நேரத்தில் ஒழுகிப்போகும். வாடகை அமையாமல் வண்டி நான்கு நாள் நின்றது. ஐந்தாம் நாள் நள்ளிரவில், இரண்டு வீடு தள்ளியிருந்த ஓர் அம்மையார்க்குப் பேறுவலி கண்டதென்று அவர் கணவர் ஓடி வந்து கதவைத் தட்டினார். சாவியைத் திருப்பினால் ‘செல்ப்’ எடுக்கவில்லை. டக் டக் என்னும் ஒலியே கேட்டது. உறக்கம் கெட்டதென்று முன்னர் ஏசிய தெருவினரே எழுந்து வந்து தள்ளினர். முச்சந்தி வரை தள்ளியபின் வண்டி உயிர் பெற்றது. திண்டுக்கல் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். வழியில் வண்டியை நிறுத்தலாகாது என்னும் அச்சத்தோடு சென்று சேர்ந்தனர். பெண் மகவு பிறந்தது; தாயும் சேயும் நலம்.

மறுநாட் காலையிலேயே மீட்டருடன் யாம் அவ்வண்டியை அணுகினோம். உடனிருந்து கற்பித்தவர் எம் தெருவில் ஆலை மின்பணி செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர்.

அவர் முதலிற் பார்க்கச் சொன்னது பாட்டரி. எஞ்சினை நிறுத்திச் சில மணி நேரம் சென்றபின் இரு முனைகளிலும் மீட்டரை வைத்தால், நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட்டு அளவிற் காட்டும். 12.2 எனின் பாதி. 12-க்குக் கீழாயின் ஏறக்குறைய வெறுமை. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை ஏறவேண்டும். ஏறவில்லையாயின் மின் ஊட்டும் ஆல்டர்னேட்டரிற் குறையுண்டு. பாட்டரி தளர்ந்த வண்டிகளிற் பொய்யலறல் மிகுதல் கண்கூடு. மின்னழுத்தம் தாழும்போது பெட்டிக்குள் இருக்கும் நுண்கணக்கன் தடுமாறி, இல்லாத செய்தியை வந்ததாகக் கொள்வான். தனக்கென உள்ளே சிறு பாட்டரி உடைய சங்குகளோ, எவரோ பெரிய பாட்டரியின் ஒயரை அறுத்துவிட்டனர் என்று கருதித் தாமே கூவத் தொடங்கும். குளிர்ந்த வைகறையிற் பாட்டரி மேலும் தளர்தலின், மார்கழி அலறலுக்கு அதுவே காரணம் என்று முடிவு கட்டுதல் எளிது.

எம் சிற்றப்பாவின் பாட்டரி 11.9 காட்டியது. பணிமனையாராயின் அன்றே புதியது வாங்கச் சொல்லியிருப்பர். பெரியவர் அதனைக் கழற்றி ஓரிரவு மின் ஊட்டச் செய்து மறுநாள் மீண்டும் பொருத்தினார், 12.6 நின்றது, செல்ப் எடுக்கும் கணத்திலும் பத்திற்குக் கீழ் இறங்கவில்லை. நறுக்கிய ஒயரையும் இணைத்தோம். அன்று வைகறையிலும் வண்டி மூன்றரை மணிக்கு அலறியது. பாட்டரி குற்றவாளி அன்று, குற்றத்தால் நலிந்தது என்பது இதனாற் பெறப்பட்டது. காரணத்தையும் காரியத்தையும் மாற்றிக் கொள்ளாமைக்கு இவ்வொரு நாட் பொறுமை வேண்டும்.

அடுத்து, கருவியையே வினவினோம். இக்கருவிகளுட் பல, அலறலை நிறுத்தியபின் உள்ளே இமைக்கும் சிவப்புப் பொட்டு விளக்கின் கணக்கால், எந்த ஒற்றன் கூறியதால் அலறினேன் என்று விடை கூறும். இக்கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். கருவியொடு வந்த சிறு கையேட்டைப் பெரும்பாலார் பெட்டியொடு எறிந்துவிடுகின்றனர். அதில் எழுதியுள்ள ஒரு வரியைப் பாராமையால் இரண்டு நாள் வேலை வீணாகும். நல்லூழாகச் சிற்றப்பா அதனை இன்ஷ்யூரன்ஸ் தாளொடு வைத்திருந்தார். மும்முறை இமைத்தது, மூன்று எனின் கதவு அல்லது பானெட்டு. அதிர்வுணரி இதனால் வழக்கினின்று விடுதலை பெற்றது.

கதவுகளைச் சோதித்தல் எளிது. ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடும்போது கூரையின் உள்விளக்கு ஒழுங்காக எரிந்து அணைகின்றதா என்று காணவேண்டும். எரியாதாயினும், மூடியபின் மினுக்கினாலும் அக்கதவின் சுவிட்சில் ஐயம். நான்கும் ஒழுங்காயிருந்தன. எஞ்சியது பானெட்டு.

பானெட்டுச் சுவிட்சு என்பது ஒரு சிறு குமிழ். மூடி மேலே படிந்திருக்குங்கால் குமிழ் அமுங்கி, ஒயருக்கும் வண்டியின் இரும்புடலுக்கும் உள்ள தொடர்பு அற்றிருக்கும். மூடி எழுந்தால் குமிழும் எழும். ஒயர் இரும்புடலைத் தொடும். அத்தொடர்பை எர்த்து என்பர். எர்த்து கண்டவுடன் பெட்டி அலறும். சுவிட்சின் ஒயரைக் கழற்றி, மீட்டரை ஓம் அளவில் வைத்து, ஒரு முனையைச் சுவிட்சிலும் மறுமுனையை வெறும் இரும்பிலும் வைத்தோம். குமிழை விரலால் அமுக்கினால் தொடர்பு அற்று மீட்டர் எல்லையில்லாத் தடையைக் காட்டவேண்டும். காட்டிய தடையோ சில நூறு ஓம்தான். அதுவும் நிலையாக நில்லாது ஏறியும் இறங்கியும் ஆடியது. கழற்றிப் பார்த்தபோது உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. துணியால் துடைத்து வெயிலில் உலர்த்தியபின் மீட்டர் ஒழுங்காகக் காட்டியது. இங்கே நிறுத்தியிருக்கலாம். பெரியவர் நிறுத்தவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரை அதன்மேல் விடச் சொன்னார், விட்டோம். சில நொடியில் தடை வீழ்ந்தது. பிணியை வேண்டுமென்றே வரவழைத்துக் காட்டினாலன்றிக் காரணம் மெய்ப்பிக்கப்பட்டதாகாது என்பது அவர் கொள்கை. இவ்வொன்றை அவரிடம் கற்றமை எமக்குப் பெரும் பேறு.

நீர் எவ்வாறு அங்கே சென்றது? பானெட்டின் விளிம்பில் இருக்கவேண்டிய ரப்பர்ப் பட்டை முன்னொருகால் ரேடியேட்டர் வேலையின்போது கழற்றப்பட்டு மீண்டும் பொருத்தப்படவில்லை. கார்த்திகை மார்கழியிற் குடகனாற்றுப் படுகையில் இறங்கும் பனி, வைகறை வரை சிறுகச் சிறுகத் திரண்டு, அவ்விடைவெளி வழியே ஒழுகி, நேரே குமிழின்மேல் விழுந்தது. அதனாலேயே மூன்று நான்கு மணி. சுவிட்சையும் ரப்பரையும் புதிதாக வாங்கிய செலவு, திண்டுக்கல்லில் இருவர் பிரியாணி உண்ணும் செலவினும் குறைவு. சுவிட்சு அமரும் இரும்பை உப்புத்தாளால் தேய்த்து வெண்மையாக்கி, பொருத்தியபின் சிறிது கிரீசு பூசினோம். அதன்பின் அவ்வண்டி பொய் கூறவில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. எல்லாச் சுவிட்சும் இவ்வாறு எர்த்து காணின் அலறுவன அல்ல. கம்பெனியே பொருத்திய கருவிகளுட் சில தலைகீழாக அமைந்து, தொடர்பு அறுந்தால் அலறும். அத்தகைய வண்டியில் ஒயரைக் கழற்றுதலே அலறலுக்குக் காரணமாகும். வண்டியின் மின்வழிப் படத்தைப் பார்த்து எவ்வகை என்று தெளிந்தபின் தொடுதல் நன்று.

அதிர்வுணரியைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். ஏனெனில் மிகுதியாகப் பழி சுமப்பது அதுவே. சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றும் என்பதைப் பிரெஞ்சு நாட்டுக் கியூரி உடன்பிறந்தார் இருவர், பியேரும் ஜாக்குவும், 1880-இற் கண்டனர். அவ்வியல்புடைய ஒரு சிறு வில்லையே இவ்வுணரிகளுட் பலவற்றின் உயிர். மெல்லிய அடிக்கு இரண்டொரு முறை கூவி எச்சரிக்கும். வல்லடிக்கு முழுக்குரல் எடுக்கும். இதன் கூர்மையைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சிறு திருகு உண்டு. மிகக் கூராக வைப்பின், கரூர்ச் சாலையிற் பஞ்சுப் பொதி ஏற்றிச் செல்லும் லாரி, தீபாவளி வெடி, இடி முழக்கம் யாவும் திருடராகிவிடும். திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் வண்டியைப் பூட்டி ஒரு நிமிடம் பொறுத்து, உள்ளங்கையால் கதவுத் தூணில் தட்டிப் பார்த்து அளவு காணவேண்டும். கண்ணாடியில் தட்டிப் பார்ப்போரையும் கண்டுள்ளோம். அவர்க்குக் கண்ணாடி விலை தெரியாது போலும். திருகைத் தொடுமுன் உணரி இறுகப் பொருந்தியுள்ளதா என்று பார்க்க. பசை விட்டு ஒயரில் ஊசலாடும் உணரி, தன் ஆட்டத்தையே திருடனின் அடியாகக் கொள்ளும்.

செவியுணரி நம் காதுக்கு எட்டாத ஒலியை வண்டிக்குள் பரப்பி, அது திரும்பி வரும் தன்மையைக் கேட்டிருக்கும். நாம் கேட்கத்தக்க எல்லை 20,000 அதிர்வு. இவ்வொலி அதனினும் மேற்பட்டது, பெரும்பாலும் 40,000. சன்னற் கண்ணாடியை ஒரு விரல் இறக்கிவிட்டு வெயிலில் நிறுத்திய வண்டியில் புகும் காற்றும், கண்ணாடியடியில் தொங்கும் பொம்மையும், ஒரு குளவியும் இதனை மயக்கும். பொம்மையை எடுத்துவிடின் ஒரு காசும் செலவின்றிப் பிணி தீரும்.

இனி, ரிமோட்டு. அமுக்கினால் விடை இல்லையாயின் முதலில் அதன் உள்ளிருக்கும் செல்லை மாற்றிப் பார்க்க. பெரும்பாலும் 2032 என்னும் எண் பொறித்த நாணய வடிவச் செல் இருக்கும். 20 மில்லிமீட்டர் அகலமும் 3.2 மில்லிமீட்டர் கனமும் என்பதே அவ்வெண்ணின் பொருள். 3 வோல்ட்டுக்குச் சிறிது குறைந்தாலே ரிமோட்டின் எட்டும் தொலைவு சுருங்கும். புதிய செல்லுக்கும் விடையில்லையாயின் மற்றொரு காரணம் உண்டு. ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் ரிமோட்டு புதியதொரு மறைமொழியை அனுப்புகின்றது. ஒருமுறை ஒட்டுக்கேட்டவன் அதனையே மீண்டும் சொல்லித் திறவாதபடி செய்த சூழ்ச்சி இது. வண்டியும் ரிமோட்டும் ஒரே வரிசையை எண்ணிக்கொண்டு வரும். குழந்தை கையில் ரிமோட்டைக் கொடுத்து வீட்டுக்குள் அமுக்கி விளையாட விட்டால், ரிமோட்டு முன்னே ஓடிவிடும், வண்டி பின்தங்கும். ‘கீலாக்’ எனப் பெயர்பெற்ற முறையில் 16 எண் வரை முன்னே சென்றாலும் வண்டி பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேற்படின் அடுத்தடுத்து இருமுறை அமுக்கினால் மீண்டும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாதவற்றைக் கையேட்டின்படி புதிதாக அறிமுகம் செய்துவைக்கவேண்டும். அலைபேசிக் கோபுரங்களின் அடியிலும் பிற கம்பியிலாக் கருவிகளின் அருகிலும் விடை வாராது போதல் உண்டு. வண்டியைச் சிறிது தள்ளி நிறுத்திப் பார்த்தபின் செலவு செய்க.

வாய் திறவாத சங்கின் பிணி பெரும்பாலும் மூன்றிடத்தில் இருக்கும்: பியூசு, எர்த்து, சங்கின் உட்புறம். பியூசு போயிருப்பின் அதே ஆம்பியர் அளவினதை இடவேண்டும். பெரியதை இடுவோரும், சிகரெட்டுத் தாளைச் சுற்றிச் செருகுவோரும் பியூசைக் காத்து வண்டியை எரிக்கின்றனர். எர்த்தைச் சோதிக்க, சங்கு ஒலிக்கும்போது பாட்டரியின் எதிர்முனைக்கும் சங்கின் எர்த்துத் திருகுக்கும் இடையே வோல்ட்டு பார்க்க, 0.2-க்கு மேற்படின் அங்கே துரு உண்டு. காதுக்கு அருகில் ஒலித்தல் ஆகாதாகலின் பஞ்சடைத்துக்கொண்டு செய்க. சங்கின் குரல் 100 டெசிபலைக் கடந்தது. உள்பாட்டரி உடைய சங்கில் அப்பாட்டரி சில ஆண்டுகளிற் கசிந்து பலகையை அரித்துவிடும். நேரங்கெட்ட நேரத்தில் குருவிபோற் கீச்சிடும் சங்கு பெரும்பாலும் இதனால் நலிந்தது.

வண்டி இரண்டு மூன்று நாள் நின்றால் பாட்டரி வற்றுகின்றது, அலறலும் இல்லை என்னும் வழக்கு வேறு. பாட்டரியின் எதிர்முனை ஒயரைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர்த் துளையில் வைத்து இணைத்து, கதவுகளை மூடி, அரை மணிக்கு மேல் பொறுக்கவேண்டும். இக்காலத்து வண்டிகள் உடனே உறங்குவதில்லை. உறங்கியபின் 50 மில்லியாம்பியருக்குள் இருப்பின் நன்று; அரை ஆம்பியர் எனின் 45 ஆம்பியர்-மணிப் பாட்டரி நான்கு நாள் தாங்காது. பின்னர் ஒவ்வொரு பியூசாக எடுத்து வர, எதனை எடுத்தபோது அளவு வீழ்கின்றதோ அவ்வழியில் ஒழுக்கு உண்டு. மீட்டர் இணைந்திருக்குங்கால் எஞ்சினைக் கிளப்பலாகாது, மீட்டர் கெடும். பிறர் பொருத்திய கருவிகளில் இவ்வொழுக்குக்குக் காரணம் பெரும்பாலும் ஒயர் இணைப்பே. முறுக்கி நாடா சுற்றிய இணைப்பு நம் கோடை வெயிலில் பசை இளகி வாய் திறக்கும். அவற்றை ஈயம் பற்றவைத்துக் குழல் மூடுதல் ஒருமுறை உழைப்பு.

மஞ்சள் உறை சுற்றிய ஒயர்களைத் தொடலாகாது. அவை மோதலின்போது விரியும் காற்றுப்பைக்கு உரியவை. மீட்டரின் சிறு மின்சாரமும் அதனை வெடிக்கச் செய்யக்கூடும். சாவிக்குள் உள்ள சில்லைக் கண்டாலன்றி எஞ்சினைக் கிளப்பவிடாத ‘இம்மொபிலைசர்’ என்னும் தடையும் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இது காவற்கருவியின் உடன்பிறப்பேயாயினும், தனி மறைமொழி உடையது. சாவி திருப்பியவுடன் செல்ப் சுழன்றும் எஞ்சின் பற்றாது, சாவிப் படமுடைய விளக்கு இமைத்துக்கொண்டே இருப்பின், இரண்டாவது சாவியை எடுத்து முயல்க. அதனாற் பற்றினால் முதற்சாவியில் குறை. பற்றவில்லையாயின், ஸ்கேனர் வைத்திருக்கும் பணிமனைக்கு வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லுதலே வழி. செல்லுமுன், எந்த ஒயரை எங்கே தொட்டோம் என்று ஒரு தாளில் எழுதி உடன் கொடுத்தால், அவர் மீட்டரும் நம் மீட்டரும் ஒரே இடத்தை இருமுறை அளந்து கூலி ஏற்றாதிருக்கும்.